வெள்ளிப் பின்னேரங்களில் முதியோர் இல்லம்

சிட்னியில் நான் படித்தது பிரெஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவ சபையின் பெண்கள் பாடசாலை. வீட்டில் நாங்கள் சைவம். அதனால் பாடசாலைச் சிற்றாலயமான சேப்பலில் கிழமைக்கு ஒருமுறை நடக்கும் வழிபாட்டை நினைத்து அம்மாவுக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே சிலை எதுவும் இல்லை. ஒரு மேடை, வேதாகமம், பியானோ, சுவரில் எரியும் முட்செடிச் சின்னம். வேதாகமக் கதையில் மோசே கண்ட, எரிந்தும் வெந்து போகாத செடி அது. உலகத்தில் பல பிரெஸ்பிட்டேரியன் சபைகளுக்கு அதுதான் அடையாளம். பிஷப் கிடையாது, மூப்பர்கள் கூடி முடிவெடுப்பார்கள் என்பதெல்லாம் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஜெபத்தை நானும் சொல்ல வேண்டுமா என்று பாடசாலைப் போதகரிடம் கேட்டேன். "மரியாதையாக நின்றால் போதும்" என்றார். ஆறு வருடமும் அப்படித்தான் நின்றேன், மனதுக்குள் முருகனை நினைத்துக்கொண்டு.

ஒன்பதாம் வகுப்பில், இளையோருக்கான டியூக் ஒவ் எடின்பரோ விருதுத் திட்டத்தின் முதல் படியான வெண்கல விருதுக்குப் பெயர் கொடுத்தேன். சமூகத் தொண்டு, உடற்பயிற்சி, ஒரு திறன், இரண்டு நாள் வெளிப்பயணம் என்று நாலு பகுதி. தொண்டுக்குக் குறைந்தது 13 கிழமை, கிழமைக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். விடுமுறையில் இரண்டு நாளில் 13 மணித்தியாலத்தையும் முடித்துவிட முடியாது, தொடர்ந்து போக வேண்டும். இதைச் செய்யப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: முதலில் பதிவு செய்யுங்கள், பெற்றோரின் சம்மதத்தை வாங்குங்கள், கையொப்பமிடப் போகும் மேற்பார்வையாளரைப் பேசி வையுங்கள், பிறகு தொடங்குங்கள். நான் ஆர்வத்தில் பதிவுக்கு முன்பே மூன்று கிழமை போய்விட்டேன். அந்த மூன்றும் கணக்கில் வரவில்லை. அழுகையே வந்துவிட்டது.

நான் தேர்ந்தது ஒரு முதியோர் இல்லம். கிடைத்த நேரமோ வெள்ளி பின்னேரம். வெள்ளியென்றால் அம்மாவுக்கு மேஸ்ஹில் முருகன் கோயில். இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சுத்தான். கடைசியில் அம்மம்மாதான் முடித்து வைத்தா: "நாங்கள் ஊரில கோயில் வீதி கூட்டினதும் தொண்டுதானே, பிள்ளை போகட்டும்."

முதல் நாளே ஒரு தவறு செய்யப் பார்த்தேன். ஒரு பாட்டி தண்ணீர் கேட்டதும் குழாயில் பிடித்துக்கொண்டு போனேன். தாதி ஓடி வந்து தடுத்தார். கட்டிலுக்கு மேலே ஒரு அட்டை இருந்தது: தடிப்பாக்கிய பானம் மட்டும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு வெறும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம், அதிலிருந்து நுரையீரல் அழற்சியும் வரலாம். தாதி தேத்தண்ணியில் ஒரு தூளைப் போட்டுக் கலக்கினார். பாகு போல இறுகி, கரண்டியிலிருந்து மெதுவாக வழிந்தது. பாட்டிக்கு அது பிடிக்கவே இல்லை, ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்தா. அதற்குப் பிறகு எந்த அறைக்குப் போனாலும் முதலில் அட்டையைப் பார்ப்பேன்.

அந்தப் பாட்டி பிரெஸ்பிட்டேரியன் குடும்பத்தில் வளர்ந்தவ. பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மறந்துவிட்டன. ஆனால் நான் வேதாகமத்தின் 23ஆம் சங்கீதத்தை வாசிக்கத் தொடங்கினால் உதடு தானாக அசையும். நான் ஒரு வரியை விட்டுவிட்டால் கையைத் தட்டி நிறுத்துவா. சேப்பலில் சும்மா நின்று கேட்ட வரிகளை அவவுக்காகத்தான் ஒழுங்காகப் படித்துப் பாடமாக்கினேன்.

பத்தாவது கிழமை தைப்பூசமோ ஏதோ இல்லை, சாதாரண வெள்ளிதான். காலையில் பூசிய திருநீறு நெற்றியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பாட்டி என்னைக் கிட்டக் கூப்பிட்டு, கைலேஞ்சியின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, சோக்குத் தூள் என்று நினைத்து மெல்லத் துடைத்துவிட்டா. தன் பிள்ளைக்குச் செய்வது போலவே இருந்தது. நான் குனிந்து கொடுத்தேன்.

காரில் ஏறியதும் அம்மா என் நெற்றியைத்தான் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் காரை ஸ்டார்ட் பண்ணி, "சரி, கோயிலுக்குப் போய்த் திரும்பப் பூசுவம். அவவின்ர பேர் என்ன? அர்ச்சனை ஒண்டு செய்வம்" என்றார்.