தெர்மாமீட்டர்

போன வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல். மருந்துக்கடைக்கு ஓடிப்போய் தெர்மாமீட்டர் கேட்டேன். கடைப்பெண்ணுக்குப் புரியவில்லை. மூன்று தடவை சொன்னேன், மூன்றாவது தடவை எழுத்து எழுத்தாக, சத்தமாக. அக்குளில் விரலை வைத்துக் காட்டின பிறகுதான் "ஓ, தமாமிட்ட!" என்று எடுத்துக் கொடுத்தாள். 'மா'வில் மட்டும் அழுத்தம், மிச்சத்தை முழுங்கிவிட்டாள். பர்மிங்காமுக்கு வந்து நாலு வருஷம், எல்லாம் பழகிவிட்டது என்றிருந்தவனுக்குச் சுருக்கென்றது. சென்னையில் கல்மண்டபத்து வீட்டுக்குப் போன் போட்டால் அம்மா, "நெத்தியில கை வச்சா தெரியாதா?" என்கிறாள்.

நாம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று எதற்கும் குறை வைக்காமல் பேசுகிறவர்கள். இங்கிலீஷில் ஓர் அசைக்குத்தான் ராஜ மரியாதை. அதுவும் ஓரிடத்தில் நிற்காது: ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசை, ஃபோட்டோகிராஃபர் என்றால் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவது. கூட வேலை செய்கிற ஒருவர் வழி சொல்லித் தந்தார். 'ஷன்', 'இக்', 'இட்டி' என்று முடிகிற நீளமான சொல்லா, அதற்கு முந்தின அசையை அழுத்து. பெரும்பாலும் சரியாக வருகிறது. எலக்ட்ரிக்கில் 'லெக்', எலக்ட்ரிசிட்டியில் 'ட்ரி'. ஆனால் கம்ஃபர்டபிளை நாலு அசையாக எழுதிவிட்டு மூன்றாகச் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. எழுதினதைச் சொல்ல வேண்டாமா?

நம்மிடமும் தேய்வது உண்டு என்று அப்புறம்தான் நினைவு வந்தது. பாக்கு, பட்டு என்றால் கடைசி 'உ' அரை மாத்திரைதான், குற்றியலுகரம். தண்டையார்பேட்டையில் எங்கள் தமிழ் ஐயா சொல்லித் தந்தது. பெஞ்சில் விரலால் தட்டித் தட்டி அசை பிரிப்பார், வெண்பாவெல்லாம் அப்புறம், முதல்ல உங்க ஏரியாவைப் பிரிங்கடா என்பார். ரா-யபு-ரம், கா-சிமே-டு, இரண்டும் செய்யுள் வாய்பாட்டில் கூவிளங்காய். திரு-வொற்-றியூர் புளிமாங்கனி. ஜன்னல் வழியாகக் கடல் காற்றோடு கருவாட்டு வாசனை வரும், நாற்பது பேரும் சேர்ந்து தட்டுகிற சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்ப்பார்.

இப்போது தமாமிட்ட என்று சரியாகவே சொல்கிறேன். பஸ்ஸில் போகும்போது பெரிய சொல் ஏதாவது கண்ணில் பட்டால் தொடையில் தட்டிப் பார்ப்பேன். யூ-னி-வர்-சி-ட்டி, மூன்றாவதில் ஓங்கி. நேற்று என் ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது, விரல் திரு-வொற்-றியூர், திரு-வொற்-றியூர் என்று தட்டிக்கொண்டிருந்தது.