கேட்காமல் காட்டிய சோதனைப் படம்

லென்ஸின் திறப்பை மிகச் சிறிதாக்கி, அதாவது எஃப் 22-ல், ஒரு வெள்ளைத் திரையைப் படமெடுத்து, கான்ட்ராஸ்ட்டை (வெளிச்சம்-இருள் வித்தியாசத்தை) ஏற்றிப் பார்த்தால் சுத்தமான கேமரா என்று ஒன்றுகூடத் தேறாது. சர்வீஸ் மேசையில் உட்காருகிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்தப் படத்தை, கேமரா கொண்டுவந்த ஒரு வாடிக்கையாளர் பக்கம் திருப்பினேன். செய்தது சரிதான் என்று இன்றைக்கும் வாதாடுவேன். ஆனால் பிறகு நடந்ததை நினைக்கும்போது அந்த வாதம் பாதியில் நின்றுவிடுகிறது.

அவர் சென்சாருக்காக, அதாவது கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் தகட்டுக்காக, வரவே இல்லை. வ்யூஃபைண்டர் ஓரத்தில், நம் பார்வைக்கு ஏற்பத் தெளிவைச் சரிசெய்ய இருக்கும் டயாப்டர் குமிழ் பிடிப்பில்லாமல் சுற்றுகிறது என்று கொண்டுவந்தார். சின்ன வேலை. முடித்துவிட்டு வழக்கம்போல சென்சாரையும் ஒரு பார்வை பார்த்தேன். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் 22, லென்ஸ் ஃபோகஸ் இன்ஃபினிட்டியில், எதிரே வெள்ளைத் திரை. ஷட்டர் மெதுவாகத்தான் ஓடும். கை ஆடினாலும் பரவாயில்லை. திரை கலங்கிப்போகும், சென்சார் மேல் ஒட்டியிருப்பது மட்டும் அசையாமல் நிற்கும்.

படத்தின் இடது மேல் மூலையில் சில புள்ளிகள் நின்றன. தூசி என்றால் கறுப்பாக, ஓரம் பிசிறி, சில சமயம் நூல் மாதிரி வளைந்து இருக்கும். இவை அப்படியில்லை. சின்னச் சின்ன வட்டங்கள், விளிம்பு கறுத்து, நடுவில் வெளிச்சம். எண்ணெய்.

"இது என்ன தம்பி?"

"எண்ணெய் சார். ஷட்டர் ஓடும்போது தெறிக்கிறது. புதுக் கேமராவுல ஆரம்பத்துல சிலதுக்கு வரும்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்ப என் படத்துல எல்லாம் இது இருந்துச்சா?"

இந்த ஒரு கேள்விக்கு வேறு எத்தனையோ விதமாகப் பதில் சொல்லியிருக்கலாம். 'கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு இல்ல சார்' என்று ஆறுதலாக முடித்திருக்கலாம். 'இப்ப துடைச்சிடுறேன்' என்று பேச்சை மாற்றியிருக்கலாம். நான் சொன்னது: "எஃப் 11, 16-ன்னு போயிருந்தா இருந்திருக்கும் சார்." சொன்னதில் பொய் இல்லை. அவர் எடுப்பது விடியற்கால வானமும், ஃபில்டர் போட்டு நிமிடக்கணக்கில் திறந்துவைத்து எடுக்கும் தண்ணீரும். எஃப் 16-க்குக் கீழே அவர் இறங்கியதே இல்லை.

அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் அப்போதே விளக்கினேன். தூசியோ எண்ணெயோ உட்காருவது சென்சாரின் மேல் அல்ல. அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடியின் மேல். நடுவில் துளி இடைவெளி இருக்கிறது. அகலமாகத் திறந்த எஃப் 2.8-ல் வெளிச்சம் நாலாபக்கமிருந்தும் வந்து அந்த நிழலைக் கரைத்துவிடும். எஃப் 16-ல் குறுகி வருவதால் நிழல் கூர்மையாக விழும். ட்யூப்லைட்டுக்குக் கீழே விரலின் நிழல் கலங்கிப்போவதும், டார்ச் வெளிச்சத்தில் அதே விரல் சுவரில் அச்சாக விழுவதும் போலத்தான். அவர் உன்னிப்பாகக் கேட்டார். சந்தோஷமாகத்தான் சொன்னேன். எங்கள் வேலையில் இப்படிக் காதுகொடுத்துக் கேட்கிற ஆள் அபூர்வம்.

காட்டியதற்கு என் பக்கத்து நியாயம் வலுவானது. வெறும் தூசியாக இருந்திருந்தால் ப்ளோயரால் நாலு முறை ஊதிவிட்டு, சொல்லாமல்கூட அனுப்பியிருப்பேன். எண்ணெய் அப்படிப்பட்டதல்ல. ஊதினால் நகராது. 2003-ல் ஒலிம்பஸ் இ-1 கேமராவில் அல்ட்ராசோனிக் அதிர்வால் தூசியை உதறும் ஏற்பாடு வந்தது. இப்போது அதுபோன்ற ஒன்று பல கேமராக்களில் இருக்கிறது. அது உதறுவது காய்ந்த தூசியை மட்டும். எண்ணெய் மேல், தூசியை ஒட்டி எடுக்கும் ஜெல் குச்சியை வைத்தால் இழுவிவிடும். அப்படியே விட்டுவைத்தாலோ வருகிற தூசியெல்லாம் அதில் போய் ஒட்டும். இதெல்லாம் போக, இன்று துடைத்தாலும் ஷட்டரில் இருக்கும் உபரி எண்ணெய் தீரும்வரை திரும்ப வரலாம். கேமரா அவருடையது, வாரண்டி முடியவும் காலம் இருந்தது. கம்பெனியிடம் கேட்க வேண்டியதை அவர் கேட்க வேண்டும் என்றால் முதலில் அவருக்குத் தெரிய வேண்டாமா?

நிக்கான் டி600 நினைவிருக்கும். 2012-ல் வந்தது. இதே மாதிரிப் புள்ளிகள். வாங்கியவர்கள் சோதனைப் படங்களை எடுத்து எடுத்துக் காட்டித்தான் விஷயம் பெரிதானது. 2014 பிப்ரவரியில், வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் ஷட்டரையும் மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அத்தனை பேரும் அந்த மூலையைப் பார்க்காமல் இருந்திருந்தால்? காட்டுவதுதான் முறை என்று நான் நம்புவதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

ஆனால் அவர் கம்பெனிக்கு அனுப்பவில்லை. "அனுப்பினா கேமரா இல்லாம எத்தனை நாள் இருக்கிறது? நீயே துடைச்சிடு தம்பி" என்றார். எந்தக் காரணத்தைச் சொல்லிக் காட்டினேனோ, அந்தக் காரணம் அங்கேயே கழன்றுபோயிற்று. மிச்சம் நின்றது அந்தப் படம் மட்டும்தான்.

துடைத்தேன். பேட்டரி முழுசாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இதில் கை வைப்பேன். நடுவில் உயிர் போனால் உள்ளே தூக்கி நிற்கும் மிரரும் ஷட்டர் திரையும் ஸ்வாப்பின் (நுனியில் துணி சுற்றிய துடைப்புக் குச்சியின்) மேலேயே விழும். 24 மி.மீ. அகல ஸ்வாப், நுனியில் இரண்டு சொட்டு திரவம், அது துணியில் ஊறக் கொஞ்சம் பொறுமை. படத்தில் இடது மேல் மூலை என்றால், கேமராவை முன்பக்கம் திருப்பிப் பார்க்கும்போது இடது கீழ் மூலை. அங்கிருந்து ஒரே இழுப்பு, ஸ்வாப்பைச் சாய்த்து மறுபக்கத்தால் திரும்ப ஒரு இழுப்பு, அவ்வளவுதான், அந்த ஸ்வாப் குப்பைக்கு. முதல் இழுப்பில் எண்ணெய் போகாது, பரவும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கண்ணாடி மேல் மெல்லிய படலம் வானவில் நிறத்தில் மின்னும். அடுத்த ஸ்வாப்பில்தான் அது ஏறி வரும். வந்தது.

மறுபடி எஃப் 22-ல் எடுத்தேன். மூலை சுத்தம். வலது ஓரத்தில் மட்டும் ஒரு மங்கல் புள்ளி. அதை விட்டுவிட்டேன். சோம்பலால் அல்ல. ஒவ்வொரு இழுப்பும் ஒரு அபாயம். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் துணுக்கு ஸ்வாப்புக்கு அடியில் மாட்டினால் ஃபில்டர் பூச்சில் கோடு விழும், அப்புறம் சென்சார் யூனிட்டையே மாற்ற வேண்டியதுதான். எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது.

அவர் பார்த்தது சுத்தமான மூலையை அல்ல. அந்தப் புள்ளியை.

"அது?"

"அது படத்துல தெரியாது சார்."

"இப்ப தெரியுதே."

பதில் சொல்ல வரவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் வராது.

முன்பெல்லாம் வந்தால் கேமராவின் பின்திரையில் வானத்தைக் காட்டுவார். எந்த மேகம், எத்தனை மணி, காற்று எப்படி என்று சொல்லிக்கொண்டே தள்ளுவார். அதன்பிறகு வந்தபோது கார்டில் வரிசையாக, வெள்ளைத் திரையை எடுத்த சாம்பல் நிறப் படங்கள்தான். எல்லாம் எஃப் 22. "இது தூசியா எண்ணெயா?" என்று ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் கேட்டார். அவரே சரியாகப் பிரித்தும் வைத்திருந்தார். எந்த மூலை எந்தப் பக்கம் வரும் என்பதில்கூடத் தவறில்லை. ஒரு பக்கம் எனக்குப் பெருமை. மறுபக்கம், கழற்றினால் தூசி உள்ளே போகுமே என்று, அன்று மாட்டிய லென்ஸை அவர் அதன்பிறகு கழற்றவே இல்லை. வானத்தையும் எஃப் 5.6-ல் எடுக்கிறாராம், புள்ளி விழாதாம்.

இதற்கு நான்தான் காரணமா? கவனமான மனிதர், எப்படியும் ஒருநாள் கண்டுபிடித்திருப்பார். என் மேசைக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் தம்பியும் அதையே சொன்னான்: "நீங்க காட்டலேன்னா வேற யாராவது காட்டியிருப்பாங்க அண்ணே." இருக்கலாம். ஆனால் வேறு யாராவது, எஃப் 16-ல் சாதாரணமாக எடுத்த படத்தில் காட்டியிருப்பார்கள். கான்ட்ராஸ்ட்டை ஏற்றிக் காட்டியது நான்.

இப்போது கொஞ்சம் மாற்றிப் பார்க்கிறேன். முதலில் என்ன படம் எடுப்பீர்கள், எந்த அபெர்ச்சரில் எடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, அதே அபெர்ச்சரில் எடுத்துக் காட்டுகிறேன். வாரண்டியில் இருக்கும் கேமரா என்றால் மட்டும் பழையபடி எஃப் 22, கான்ட்ராஸ்ட் எல்லாம். மங்கலான வட்டத்தை ஆரம்பத்திலேயே பிடித்தால்தான் அவர்களால் கம்பெனியிடம் பேச முடியும். அதாவது அவருக்குச் செய்ததையேதான் இன்னமும் செய்கிறேன். வேறு வழி இருப்பதாகவும் தோன்றவில்லை.

பழைய படங்களைத் திருத்த முடியுமா என்று போனில் கேட்டார். முடியும் என்றேன். ஒரே சமயத்தில் எடுத்தவற்றில் புள்ளி ஒரே இடத்தில்தான் இருக்கும். ஒரு படத்தில் எடிட்டிங் மென்பொருளின் ஹீல் டூலால் (புள்ளியை மறைக்கும் கருவியால்) எடுத்துவிட்டு அந்தத் திருத்தத்தை மற்றவற்றுக்கும் கொடுத்துவிட்டு, ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும். அடுத்த முறை அந்த வானப் படங்களைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், சாம்பல் படம் வேண்டாம் என்றும். கொண்டுவந்தால், இடது மேல் மூலைக்குப் போகாமல் முதலில் வானத்தைப் பார்க்க என் கண்ணால் முடியுமா என்பது எனக்கே சந்தேகம்தான்.