கையும் டேப்புமாக

ஜூன் 8, 2025, ஞாயிறு

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துபவனுக்கு ஃபுட்பால் மைதானம் தேடும் வேலை எப்படி வந்தது? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததால் வந்தது. இன்று காலை ப்ராக்டிஸ் முடிந்ததும் கோச் மேடம் பெற்றோர்களை உட்கார வைத்துப் பேசினார். எங்கள் பெண்கள் டீம் அடுத்த படிக்குப் போக விண்ணப்பம் போடப்போகிறது. அதில் 'ஹோம் க்ரவுண்ட்' என்று ஒரு கட்டம். அங்கே எழுத எங்களிடம் ஒன்றும் இல்லை. "சேலத்துல க்ரவுண்டுக்கா பஞ்சம்?" என்று கேட்டுத் தொலைத்தேன். "அப்ப நீங்களே பார்த்துச் சொல்லிடுங்கண்ணா" என்றார். ரைட் பேக், அதாவது வலது ஓரத்தில் தடுத்து ஆடும் என் மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

முன்பு என்றால் இந்தக் கட்டமே தேவைப்பட்டிருக்காது. இந்தியப் பெண்கள் லீக்கில் முதல் சில சீசன்கள் எல்லா டீமையும் ஒரே ஊருக்கு வரவழைத்து ஆட வைத்தார்கள். மதுரை சேது எஃப்.சி. 2019-இல் கோப்பை வாங்கியது லூதியானாவில். 2023-24 சீசனில்தான் சொந்த ஊரில் பாதி, வெளியூரில் பாதி என்று மாற்றினார்கள்.

"லூதியானாவுல கோப்பை தூக்குனப்ப மதுரைக்காரங்க எத்தனை பேருப்பா பார்த்திருப்பாங்க?" என்றாள் மகள், வண்டியில் வரும்போது. அதற்கு மேல் நான் எப்படி மறுக்க முடியும்?

ஜூன் 10, செவ்வாய்

பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, சர்வேயர் மச்சானிடம் ஐம்பது மீட்டர் டேப் இரவல் வாங்கினேன். முதலில் காந்தி ஸ்டேடியம். சேலத்தில் ஸ்டேடியம் என்றால் அதுதானே. ஆகஸ்ட் 15-க்குக் கலெக்டர் கொடியேற்றுவதும் அங்கேதான்.

கேலரியில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. நடுவில் ஆட்டம், சுற்றி ஓட்டப்பாதை, அதற்கப்புறம் நாம். வீட்டுக்கு வந்து ராத்திரி கணக்குப் போட்டேன். ஒரு நானூறு மீட்டர் ட்ராக்கின் உள்வட்டம் 73 மீட்டர் அகலம். பெரிய போட்டிகளுக்கான மைதானம் 105-க்கு 68. அகலத்தில் பக்கத்துக்கு இரண்டரை மீட்டர் மிஞ்சும், அது பரவாயில்லை. நான்கு மூலையில்தான் வில்லங்கம். கார்னர் கொடிக்கும் ட்ராக்கின் விளிம்புக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் தேறுகிறது. கார்னர் அடிக்கிற பெண் ட்ராக்கில் இருந்துதான் ஓடி வர வேண்டும். சிந்தடிக் ட்ராக்காக இருந்தால் அதன் மேல் ஸ்டட் ஷூவோடு நிற்க எந்த அத்லெட்டிக்ஸ் வாத்தியார் விடுவார்?

இது காந்தி ஸ்டேடியத்தின் குறை என்று சொல்லக் கூடாது. ட்ராக் உள்ள எந்த ஸ்டேடியத்துக்கும் இதே கணக்குதான். எட்டு லேன் என்றால் கிட்டத்தட்ட பத்து மீட்டர் இன்னும் தள்ளிப் போகிறோம். எங்கள் ஆட்டத்துக்கு முந்நூறு பேர் வந்தால் பெரிய விஷயம். அத்தனை பெரிய கேலரியில் முந்நூறு பேர் கடலில் கரைத்த பெருங்காயம். கத்தினாலும் ரைட் பேக் காதில் விழாது. எனக்கு அது முக்கியம், நான் கத்துகிற ஆள்.

ஜூன் 11, புதன்

வெளியூர் ஆர்டர். நாள் முழுக்கப் பட்டறை. டேப் மேஜையிலேயே கிடந்தது.

ஜூன் 15, ஞாயிறு

ஊருக்கு வெளியே பைபாஸை ஒட்டி ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். மைதானம் அருமை. 104-க்கு 66, தரை மட்டம், ஓரமெல்லாம் வேப்பமரம். கோல் போஸ்ட் வடக்கு தெற்காக இருக்கிறது. இது முக்கியம், ஏனென்றால் ஃப்ளட்லைட் இல்லாத ஊரில் மூன்றரை மணிக்கு ஆட்டம் வைப்பார்கள், மேற்கே பார்த்து நிற்கும் கோல்கீப்பருக்குப் பந்தும் சூரியனும் ஒன்றாகத்தான் தெரியும். சித்திரை வெயிலில் சேலத்தில் மூன்றரை மணி என்பதே ஒரு தண்டனை. அது வேறு கதை.

சரி, அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே மேடத்தைக் கூட்டிப்போனேன். அவர் மைதானத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக, "டாய்லெட் எங்கண்ணா?" என்றார். பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாராம். ஆட்டம் நடப்பதே சனி ஞாயிறில்தான்! டிரஸ் மாற்றும் அறை என்று காட்டிய இடத்தில் உடைந்த பெஞ்சுகளும் பழைய தேர்தல் பெட்டி மாதிரி ஏதோ தகரப் பெட்டிகளும் அடுக்கியிருந்தார்கள். ஜன்னலுக்குக் கதவு இல்லை. "பசங்க மரத்தடியிலயே மாத்திக்குவாங்க சார்" என்றார் கூட வந்தவர். மேடம் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் முடிவு ஆகிவிட்டது என்று அர்த்தம், இந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

ஆறு மணிக்கு மேல் அங்கிருந்து டவுன் பஸ்ஸும் கிடையாது. ஆட்டம் முடிந்து, குளித்து, பை கட்டிக்கொண்டு ரோட்டுக்கு வரும் பதினாறு வயதுப் பெண் எப்படி அம்மாப்பேட்டைக்குப் போவாள்? நான் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன், மேடம் வேறு ஒன்றை அளந்துகொண்டிருந்தார்.

வரும் வழியில் இன்னொரு க்ரவுண்ட். அகலம் 55 மீட்டர். விதிப்படி 45 இருந்தாலே போதும் என்பதால் நான் சந்தோஷப்பட்டேன். மேடம் ஒரு கதை சொன்னார். 2016-இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கில், ராச்செஸ்டர் ஊரில், பேஸ்பால் மைதானத்தின் ஓரத்தில் கோடு போட்டு ஒரு ஆட்டத்தை நடத்தினார்களாம். அகலம் 58 கஜம், நம் கணக்கில் 53 மீட்டர். உலகக் கோப்பை ஆடிய பெண்களை அங்கே நெருக்கி ஓட விட்டு, அப்புறம் லீக்கே மன்னிப்புக் கேட்டது. "ஓரத்துல ஓடி வர்ற விங்கருக்கு இடமில்லன்னா உங்க பொண்ணுக்கு வேலையே இல்லண்ணா" என்றார். டேப்பைச் சுருட்டிவிட்டேன்.

ஜூன் 21, சனி

ஏற்காடு. இந்த யோசனை முழுக்க என்னுடையது, பழியும் என்னுடையதே.

கடல் மட்டத்தில் இருந்து 1,500 மீட்டர் உயரம். கீழே வெயில் கொளுத்தும்போது மேலே ஸ்வெட்டர் போடலாம். ஆங்கிலேயர் காலத்தில் இருந்து போர்டிங் ஸ்கூல்கள் உள்ள மலை, மைதானத்துக்குக் குறைவில்லை. வெளியூர் டீமும் ஆசையாக வரும். இப்படியெல்லாம் பேசி வேன் வைத்து டீமையே கூட்டிப்போனேன். கொண்டை ஊசி வளைவு இருபது. ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டு போர்டு இருக்கிறது. ஏழாவதில் கோல்கீப்பர் ஜன்னலோரம் கேட்டாள். பதினொன்றில் வண்டியை நிறுத்தினோம். பதினாலில் மறுபடி நிறுத்தினோம். எலுமிச்சம்பழம் கொடுத்துப் பார்த்தேன், மூக்கில் வைத்துக்கொண்டே வாந்தி எடுத்தார்கள்.

மேலே ஒரு பள்ளியில் பார்த்த மைதானம் அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மலையைச் செதுக்கிச் சமன் செய்தது. ஒரு பக்கம் சில்வர் ஓக், மறுபக்கம் கல்சுவர், சுவருக்குக் கீழே காப்பித் தோட்டம் சரிந்து இறங்குகிறது. "பந்து அந்தப் பக்கம் போச்சுன்னா?" என்று கேட்டேன். காவல்காரத் தாத்தா சிரித்தார். "போனது போனதுதான் சாமி. காப்பி பறிக்கிறப்ப கிடைக்கும்." அரை மணி ஆடிப் பார்த்தோம். இரண்டு பந்து போனது. ஒன்று என் மகள் அடித்தது. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, பந்து கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும் என்று தன் பங்குக்கு விஞ்ஞானம் சொன்னாள். கோல் பக்கம் வரும் பந்தைத் தூர விரட்டும் க்ளியரன்ஸை அவள் அடித்தால் எந்த உயரத்திலும் அப்படித்தான் போகும்.

நாலு மணிக்கு மஞ்சு இறங்கியது. பத்து நிமிடத்தில் எதிர் கோல் போஸ்ட் காணவில்லை. வெள்ளையில் இருந்து குரல் மட்டும் வந்தது, "பாஸ்! பாஸ்!" என்று. ரெஃப்ரியாக நின்ற மேடம் விசில் ஊதினார். யாருக்கு, எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இறங்கும்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் மட்டும் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஆட்டம் பார்க்க யார் இந்த இருபது வளைவு ஏறி வருவார்கள்? அம்மாப்பேட்டைத் தறிக்காரர் வருவாரா? என் பட்டறைப் பையன்கள் வருவார்களா?

ஜூன் 22, ஞாயிறு

இடுப்பு வலி. சீசன் முடியப்போகிறது என்று வீட்டில் ஒரு கூடை மல்கோவா வாங்கி வைத்திருந்தார்கள். அதோடு நாள் போயிற்று.

ஜூன் 28, சனி

மேடம் அனுப்பிய ஒரு விஷயத்தை ராத்திரி மகள் படித்துச் சொன்னாள். 1920 டிசம்பர் 26, இங்கிலாந்தில் லிவர்பூல். டிக் கெர் என்கிற ஃபேக்டரியில் வேலை செய்த பெண்களின் டீம், குடிசன் பார்க் மைதானத்தில் ஆடியது. பார்க்க வந்த கூட்டம் 53 ஆயிரம். உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் வேறு. அடுத்த வருஷம் டிசம்பரில் அந்த நாட்டு ஃபுட்பால் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது என்று சொல்லி, எங்கள் க்ளப்புகள் எதுவும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்தத் தடை 1971 வரை இருந்தது.

கவனித்தால், ஆடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. மைதானத்தை மட்டும் பூட்டினார்கள். எனக்கு அந்தக் கல்லூரியில் சாவி வைத்திருந்த மனிதர் ஞாபகம் வந்தார். பாவம், அவர் யாருக்கும் தடை போட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார், அவ்வளவுதான்.

அதே குடிசன் பார்க்கை எவர்ட்டன் க்ளப்பின் ஆண்கள் டீம் காலி செய்துவிட்டுப் புது ஸ்டேடியத்துக்குப் போகிறது. இனி அது அதே க்ளப்பின் பெண்கள் டீமுக்குச் சொந்த மைதானம் என்று போன மாதம் அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் 2024-இல் பெண்கள் டீமுக்கென்றே ஒரு ஸ்டேடியம் கட்டித் திறந்துவிட்டார்கள். 11,500 இருக்கை. அவர்கள் நினைத்திருந்தால் இன்னும் பெரிதாகக் கட்டியிருக்கலாம். நிரம்புகிற அளவுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. கொலுசும் அப்படித்தான், காலுக்குப் பெரிசாகப் போனால் கழன்று விழும்.

ஜூலை 5, சனி

தாய்லாந்தில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று. பட்டறையில் மகளின் போனை அடுப்புக்கு எட்டாத தூரத்தில் சாய்த்து வைத்து ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தியா 2, தாய்லாந்து 1. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். 2022-இல் நம் நாட்டிலேயே ஆசியக் கோப்பை நடந்தபோது கொரோனாவால் நடுவில் விலக வேண்டியதாகிவிட்டது. இந்தத் தடவை தகுதிச் சுற்றை ஜெயித்து, அடுத்த வருஷம் ஆஸ்திரேலியா போகிறார்கள். மெருகு போடும் பையன், "அண்ணா, இவங்கல்லாம் சேலம் வருவாங்களா?" என்றான். வரணும்னா க்ரவுண்ட் வேணும்டா என்றேன்.

ஜூலை 9, புதன்

கிடைத்த மாதிரி இருக்கிறது. அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை பெயர் எழுதப்போவதில்லை, கண் பட்டுவிடும்.

ஊருக்குள் ஒரு பழைய பள்ளி. பஸ் ஸ்டாப்பில் இருந்து இரண்டு நிமிட நடை. எதிரே ஒரு தட்டுவடை செட்டுக் கடை, அது ஒன்றே பாதிக் கூட்டத்தைக் கொண்டுவரும். நீளம் 101, அகலம் 63. சர்வதேச ஆட்டத்துக்கு அகலம் 64 வேண்டும். சுவரோரம் ஒரு மண்மேடு இருக்கிறது, எடுத்தால் அந்த ஒரு மீட்டர் வந்துவிடும். மேற்குப் பக்கம் நான்கு படிக்கட்டுக் கேலரி, சாயங்கால வெயில் முதுகில் விழும், முகத்தில் அடிக்காது. கட்டியவர் யாரோ ஆட்டம் தெரிந்தவர். உட்கார்ந்தால் டச் லைன் என்கிற ஓரக்கோடு நாலே மீட்டர். ரெஃப்ரி திட்டு வாங்குவது உறுதி.

புல் திட்டுத் திட்டாக இருக்கிறது, அதுவும் அருகம்புல். களைதானே என்று நினைத்தேன். மேடம் சொல்லித்தான் தெரிந்தது, பெரிய ஸ்டேடியங்களில் போடும் பெர்முடா என்பதே அருகம்புல் இனம்தானாம். பிள்ளையாருக்குச் சாத்துகிற சமாச்சாரத்தை வெளிநாட்டுப் பெயரில் சதுர அடி கணக்கில் விற்கிறார்கள்.

தலைமை ஆசிரியை அம்மாவிடம் மேடம்தான் பேசினார். டாய்லெட் சாவி ஒன்று டீமிடமே இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அம்மா, "எங்க பிள்ளைகளுக்கும் அது வேணும், நீங்க கதவு மாத்திக் குடுத்தா சாவி உங்களுது" என்றார். இரண்டு இரும்புக் கதவு, நான் ஏற்றுக்கொண்டேன். வாக்கிங் வருகிற பெரியவர்கள்தான் கொஞ்சம் முறைத்தார்கள். ஆட்டம் உள்ள நாளில் மூன்று மணிக்கு மேல் நடக்கக் கூடாது என்றால், "இருபது வருஷமா நடக்கறோம்" என்கிறார்கள். அதில் இருவருக்கு கேலரியில் நடு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

ட்ரயல் மேட்ச். எங்கள் பெண்களையே இரண்டாகப் பிரித்து ஆட வைத்தோம். விடியற்காலையில் கோடு போட்டோம், சுண்ணாம்புத் தூள் மூன்று மூட்டை. சுண்ணாம்புக்கரடு இருக்கிற ஊரில் சுண்ணாம்பை விலைக்கு வாங்குகிறீர்களே என்று தம்பி கிண்டல் செய்தான். அங்கே இருப்பது மேக்னசைட், பெயர்தான் சுண்ணாம்பு என்று சொல்லி வாயடைத்தேன்.

படிக்கட்டு முக்கால்வாசி நிரம்பிவிட்டது. வாக்கிங் பெரியவர் ஒருவர் இடைவேளைக்குள் ஆஃப்சைடு கேட்கத் தொடங்கிவிட்டார். என் குரல் ரைட் பேக் காதில் விழுந்தது. "அப்பா, சும்மா இருங்க!" என்று ஆட்டத்தின் நடுவே திரும்பி அவள் கத்தியது எல்லோர் காதிலும் விழுந்தது.

இரண்டாம் பாதியில் ஒரு க்ளியரன்ஸ், சொல்ல வேண்டியதில்லை யார் என்று, வடக்குச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு மொட்டைமாடியில் இறங்கியது. அங்கே ஜவ்வரிசி வத்தல் காயப் போட்டிருந்தார்கள். அந்த வீட்டம்மா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் திட்டினார். ஆட்டம் நின்றது. நான் ஏணியில் ஏறி மன்னிப்புக் கேட்டு, இரண்டு கிலோ ஜவ்வரிசிக்கு ஒப்புக்கொண்டு பந்தை வாங்கி வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால், அவர் நாற்காலி எடுத்துப் போட்டு மாடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேத்தி.

செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டியது: வடக்குச் சுவர் மேல் வலை, இருபது அடி உயரம். கம்பம் ஆறு. ஜவ்வரிசி இரண்டு கிலோ.