கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ட்யூப் ரத்தம்

லீவில் ஊருக்கு வந்தால் யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்டுவிடுவார், "அங்க அரபுக்காரங்களுக்கு என்ன வியாதிப்பா ஜாஸ்தி?" என்று. கேட்கிறவரே பதிலையும் கையோடு வைத்திருப்பார்: சுகர். மூணு வேளையும் கப்ஸா என்கிற இறைச்சிச் சோறு, பெப்சி, ஏசியை விட்டு வெளியே வராத வாழ்க்கை, அப்புறம் வராமல் என்ன செய்யும்? தப்பில்லை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 அட்லஸைப் பார்த்தால் குவைத்தில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சர்க்கரை. கேட்கிற பெரியவரின் சட்டைப்பையிலும் மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை அட்டை இருக்கும், அது வேறு கதை.

ஆனால் சவுதியின் கிழக்கு மாகாணத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கேள்விக்கு முதலில் ஞாபகம் வருவது சுகர் இல்லை, ஊதா மூடி போட்ட ட்யூப்கள்தான். கல்யாணம் நிச்சயமான பையனும் பெண்ணும் கொடுத்துவிட்டுப் போகும் ரத்தம். 2004-லிருந்து சவுதியில் இந்தப் பரிசோதனை கட்டாயம், சர்டிபிகேட் இல்லாமல் திருமண ஒப்பந்தம் பதிவாகாது. தேடுவது பரம்பரையாக வரும் இரண்டு ரத்த நோய்களை: சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக்குழாயை அடைத்து வலி கொடுக்கும் அரிவாள் செல் நோய், உடம்பு போதுமான ஹீமோகுளோபின் செய்யாமல் ரத்தசோகை வரும் தலசீமியா. மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் 2008-இல் சேர்ந்தன.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதலில் ரத்த அணுக்களை எண்ணும் மெஷின். சிவப்பணுவின் சராசரி அளவு 80-க்குக் கீழே வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வோம். அப்புறம் எச்பிஎல்சி மெஷினில் ஏற்றினால் ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனி மேடுகளாக வரைந்து கொடுக்கும். ஏ2 என்கிற மேடு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் தலசீமியா கேரியராக, அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவராக இருக்கலாம், எஸ் என்கிற இடத்தில் மேடு எழும்பினால் அரிவாள் செல். கேரியருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது, தான் கேரியர் என்பதே தெரியாமல் எண்பது வயது வரை வாழலாம். சிக்கல் இரண்டு கேரியர்கள் கல்யாணம் செய்தால்தான். ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு முழு நோய். இந்த 'ஒவ்வொரு' என்கிற வார்த்தையைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் என்று கவுன்சலிங் அறையில் இருந்தவர்கள் சொல்வார்கள். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அத்தனை பேர்.

சரி, இந்தச் சட்டத்தால் என்ன நடந்தது? மெமிஷ், சயீதி என்ற இரண்டு பேர் முதல் ஆறு வருஷக் கணக்கை 2011-இல் வெளியிட்டார்கள். பதினைந்து லட்சம் பேருக்கு மேல் பரிசோதனை. அதில் 4.5 சதவீதம் பேருக்கு அரிவாள் செல் மரபணு, 1.8 சதவீதம் பேருக்கு தலசீமியா. எனக்கு அதில் பிடித்த எண் வேறு. ரிசல்ட் 'பொருந்தாது' என்று, அதாவது பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு உண்டு என்று வந்தாலும் கல்யாணத்தை அரசாங்கம் தடுக்காது, கவுன்சலிங் கொடுத்து முடிவை அவர்களிடமே விட்டுவிடும். 2004-இல் அப்படி ரிசல்ட் வந்த ஜோடிகளில் கல்யாணத்தை நிறுத்தியவர்கள் 9.2 சதவீதம்தான். 2009-இல் அது 51.9 சதவீதம்.

முதல் வருஷம் நூற்றில் தொண்ணூறு பேர் தெரிந்தே கல்யாணம் செய்திருக்கிறார்கள் என்றதும் நம்ம ஆட்கள் 'படிப்பறிவு இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதுதான் எனக்கு எரிச்சல். அந்த ட்யூப் எங்களிடம் வந்த நேரத்தைப் பாருங்கள். மஹர், அதாவது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் தொகை, பேசியாச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, பெண்ணின் உடுப்பு தைத்தாச்சு, இரண்டு வாரத்தில் விருந்து. அப்போது வந்து ஒரு காகிதம் சொல்கிறது பொருந்தாது என்று. அந்த நிலையில் நிறுத்தினால் பெண்ணுக்கு ஏதோ குறை என்று ஊர் பேசும். நம் ஊரில் மட்டும் நிச்சயதார்த்தம் முடிந்தபிறகு ஜாதகம் சரியில்லை என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்? இன்னொரு ஜோசியரைத் தேடுவார்கள். அங்கேயும் இன்னொரு லேபுக்குப் போனவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து ஒரே பையன் மூன்று தடவை வந்தான், மூன்று தடவையும் எஸ் மேடு அதே இடத்தில். மூன்றாவது தடவை, "மெஷின் கெட்டுப்போயிருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டான். மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் என் குவாலிட்டி கண்ட்ரோல் சரியாக இருந்தது, அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பரிசோதனையைப் பள்ளிக்கூடத்திலேயே செய்துவிட வேண்டும், பெண் பார்க்கப் போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான். பக்கத்தில் பஹ்ரைன் 1990-களின் கடைசியிலேயே மாணவர்களுக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டது.

ஏன் குறிப்பாகக் கிழக்கு மாகாணம்? அங்கே இருக்கும் அல்-அஹ்ஸா, கதீஃப் இரண்டும் பாலைவனத்து நடுவே ஊற்றுத் தண்ணீர் உள்ள பேரீச்சந்தோப்புப் பூமி. அஹ்ஸாவில் மட்டும் இருபத்தைந்து லட்சம் மரம் என்கிறார்கள். தண்ணீர் இருந்தால் கொசு, கொசு இருந்தால் மலேரியா. அரிவாள் செல் கேரியர் குழந்தைகள் மலேரியாவில் மற்றக் குழந்தைகளைவிட அதிகம் பிழைத்தார்கள், அதனால் அந்த மரபணு தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. தோப்பைக் காப்பாற்றிய தண்ணீர்தான் இதையும் வளர்த்திருக்கிறது.

இங்கேதான் எனக்கு ஒரு ஆச்சரியம். ஹெர்மன் லேமன் என்ற ரத்த ஆராய்ச்சியாளர், மேரி கட்புஷ் என்பவரோடு சேர்ந்து 1952-இல் அரிவாள் செல் மரபணுவை இந்தியாவில் கண்டார். எந்த இடத்தில் என்றால், நம் நீலகிரியில், அங்கே வாழும் பழங்குடி மக்களிடம். அதே லேமன் 1963-இல் சவுதியில் இந்த மரபணு எங்கெங்கே இருக்கிறது என்று எழுதினார். பிற்பாடு மரபணுவின் அக்கம்பக்கத்தை ஆராய்ந்தபோது கிழக்கு சவுதியில் இருப்பதும் இந்தியப் பழங்குடிகளிடம் இருப்பதும் ஒரே வகை, ஆப்பிரிக்க வகைகள் வேறு என்று தெரிந்தது. பெயரே 'அரபு-இந்திய' வகை. இந்த வகைக்காரர்களுக்குச் சிசுவில் இருக்கும் ஹீமோகுளோபின் பெரியவர்களான பிறகும் நிறைய மிச்சமிருக்கும், அதனால் சின்ன வயதில் நோய் கொஞ்சம் சாதுவாக இருக்கும். வளர்ந்தபிறகு வலி வரும்போது அந்தச் சாது எல்லாம் கிடையாது. இடுப்பு மூட்டு எலும்பு செத்துப்போய் முப்பது வயதில் கைத்தடியோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லேபில் என் பக்கத்து இருக்கை சவுதிக்காரர், அஹ்ஸாவில் இருக்கும் ஹுஃபூஃப் ஊர் ஆள். சொந்தத்தில் கல்யாணம் பற்றி அவரோடு ஒரு நாள் பேச்சு வந்தது. 1995-இல் வந்த பெரிய ஆய்வில் சவுதித் திருமணங்களில் 57.7 சதவீதம் உறவுக்குள்தான். அவரும் சித்தப்பா மகளைத்தான் கட்டியிருந்தார். "சித்தப்பா மகள் எங்களுக்குத் தங்கச்சி முறை, நினைக்கவே கூடாது" என்றேன். சிரித்தார். நானும் சும்மா இருந்திருக்கலாம், எங்கள் பக்கத்தில் தாய்மாமனே அக்கா மகளைக் கட்டுவது உண்டு என்று சொல்லித்தொலைத்தேன். மனுஷன் கையிலிருந்த பைப்பெட்டைக் கீழே வைத்துவிட்டார். "அஸ்தக்ஃபிருல்லாஹ், மாமன் தகப்பனுக்குச் சமம் இல்லையா?" அவர்கள் மார்க்கத்தில் அது முழுக்க ஹராம். மரபணுக் கணக்கில் அவர் பக்கம்தான் நியாயமும்: சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள் எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள் என்றால் மாமனும் மருமகளும் நாலில் ஒரு பங்கு. அன்றைக்கு முழுக்க என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார்.

போன மாதம் ஊரில் தங்கைக்கு அத்தை பையனைப் பேசினார்கள். நான் ரத்தப் பரிசோதனை என்று வாயெடுத்ததும் அத்தை முகம் சுருங்கிவிட்டது, "எங்க ரத்தத்துல என்னடா குறை கண்ட?" என்று. உங்க ரத்தம்தான் அத்தை எங்க ரத்தமும், அதனால்தான் கேட்கிறேன் என்றேன், எடுபடவில்லை. அப்பா ஒரு வாரம் பேசவில்லை. மண்டபம் இன்னும் பிடிக்கவில்லை, தேதி குறிக்கவில்லை, அது ஒன்றுதான் என் தைரியம். நேற்று ராத்திரி அத்தை பையனே வீட்டுக்குத் தெரியாமல் வாட்ஸாப்பில் வந்தான்.

"மச்சான், வெறும் வயித்துல வரணுமா?"

தேவையில்லை, சாப்பிட்டுட்டே வா என்று போட்டேன்.