சில்லு இங்கே வீல்: பழைய சின்ன டிராக்டருக்கு டயர் மாற்ற

இலங்கையில் வீலைச் சில்லு என்போம். நீலகிரியில், கோத்தகிரிப் பஞ்சர் கடையில் "பின் சில்லுக்கு டயர் வேணும் அண்ணே" என்றால், ஓட்டுச் சில்லா என்று பார்ப்பார்கள். வீல் என்று கேளுங்கள். நம் லேண்ட்மாஸ்டரும் இங்கே பவர் டில்லர்தான்.

தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலைநாட்டிலிருந்து நீலகிரிக்கு வந்தவர்களுக்குத் தேயிலை புதிதல்ல. கேரட்டும் உருளையும் போட நிலம் பிடித்து, பழைய டிராக்டரும் வாங்கினால்தான் மழைக்கணக்கு உதைக்கும். அங்கே ஹட்டன் பக்கம் வைகாசிக் கடைசியில் பிடிக்கிற மழைதான் பெருமழை. கோத்தகிரிச் சரிவில் ஐப்பசி, கார்த்திகை. டயர் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

டயரின் மேல் துருத்தி நிற்கிற சாய்ந்த ரப்பர் கட்டைகள்தான் பட்டன். அது தேய்ந்தது கண்ணுக்குத் தெரியும். பட்டனுக்கு நடுவில் வெடித்து நூல் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். தெரிந்தால் அந்த டயருக்கு ஒட்டு வீண். பக்கவாட்டில் 8.00-18 என்றிருந்தால் அகலம் 8 அங்குலம், ரிம் 18 அங்குலம். இரண்டு பின் டயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று மொட்டை என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நாலு வீலும் இழுக்கிற வண்டியில் அளவை மாற்றவே கூடாது. முன்னும் பின்னும் சுற்றுக்கணக்குத் தப்பி கியர் அடிவாங்கும்.

சம தரையில் நிறுத்துங்கள். கியரில் போட்டால் நிற்கும் என்று நம்ப வேண்டாம்: ஒரு பின் வீலைத் தூக்கியதும் டிபரன்ஷியல் (இரண்டு பின் வீலையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற கியர்ப் பெட்டி) வழியாக அது சும்மா சுழலும், வண்டி நகரும். முன் வீல்களுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். முன் அச்சு நடுவில் ஆடுகிற வகை; அதற்கும் பாடிக்கும் இடையில் கட்டை செருகாவிட்டால் வண்டி சாயும். நட்டைத் தூக்குமுன்பே இளக்கிவிட்டு, ஈரமண்ணில் இறங்காதபடி ஜாக்கிக்கு அடியில் பலகை கொடுங்கள். தூக்கியதும் பின் அச்சுக்கடியில் கனத்த கட்டை.

வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுதும் விட்ட பிறகே லீவர். சோப்புத் தண்ணீர் தடவி, டயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் மிதித்து இறக்கினால் எதிர்ப்பக்கம் தானாக இளகும். இதைச் செய்யாமல் நெம்புகிறவர்கள்தான் டியூபைக் கிழிக்கிறார்கள். உரம் கலந்த ஈரச்சேறு ரிம்மை வால்வு ஓட்டையைச் சுற்றித்தான் முதலில் அரிக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு புது டியூப். பழைய டியூபைத் திரும்பப் போடுவது கஞ்சத்தனம்கூட அல்ல, இரட்டைச் செலவு. டியூபில் பவுடர் தூவி, உருவம் பிடிக்கிற அளவு மட்டும் காற்றடித்து நுழைத்துவிடுங்கள், மடிப்பு விழாது.

பின்னாலிருந்து பார்த்தால் பட்டன் கூரை முகடுபோல மேல்நோக்கிக் கூம்ப வேண்டும். தலைகீழாகப் போட்டால் சேறு வெளியே தள்ளாமல் நடுவில் அப்பிக்கொள்ளும். ஏற்றத்தில் வீல் சுற்றும், வண்டி ஏறாது.

விளிம்பு உட்காரக் காற்றடிக்கும்போது ஒதுங்கி நில்லுங்கள். 35 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. உட்காராவிட்டால் காற்றை விட்டு, மறுபடி சோப்புத் தண்ணீர். பிறகு வண்டிப் புத்தகத்தில் போட்ட அளவுக்கு இறக்கி, இரண்டு பக்கமும் ஒன்றாக வையுங்கள். சரிவில் பள்ளத்துப் பக்கம் காற்றுக் குறைந்தால் வண்டி மேலும் பள்ளத்துக்கே சாயும். நட்டை எதிரெதிராக முறுக்கி, முதல் ஒரு மணி நேரம் உழுததும் மறுபடி ஒருமுறை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். புதுப் பெயிண்ட் அமுங்கி நட்டு இளகியிருக்கும்.