டயட்டுக்கு முன்னால் இரண்டு வாரம்

எடை குறைக்கணும் என்று முடிவெடுத்த அன்றைக்கே சோற்றை நிறுத்துவதுதான் நம் ஊர் வழக்கம். பத்து நாளைக்குள் ஒரு காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ வரும், இலையில் பாயசம் விழும், அதோடு டயட்டும் போச்சு. சாப்பாட்டில் கை வைக்கும் முன் மனசைத் தயார் செய்ய இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அதுவரை எதையும் குறைக்க வேண்டாம்.

முதல் வாரம் எழுதுவது மட்டும்தான் வேலை. என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, அப்போது மனசு எப்படி இருந்தது. மூன்றாவதுதான் முக்கியம். "மாலை 5.30, மிக்சர் இரண்டு கை, ஆபீஸ் எரிச்சல்" என்று எழுதினால் போதும். ஏழு நாள் எழுதினால், பசியே இல்லாமல் சாப்பிடும் நேரங்கள் தானாகக் கண்ணில் படும். காபியை விட்டுவிடாதீர்கள்: மூன்று டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 30 கிராம், 120 கலோரி. பால் தனிக்கணக்கு. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வழித்துச் சாப்பிடுவதையும் எழுதணும். அதை எழுதுகிறவர்களைத்தான் காணோம்.

இரண்டாவது வாரம் இலக்கு. பிஎம்ஐ என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண். இந்தியர்களுக்கு அது 23 வந்தாலே அதிக எடை, 25 என்றால் உடல் பருமன். வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. இதைப் பார்த்துவிட்டு "இருபது கிலோ" என்று தாவ வேண்டாம். கல்யாண போட்டோவில் இருந்த எடை ஒரு இலக்கே அல்ல. இப்போதுள்ள எடையில் 5 சதவீதம் போதும்: 80 கிலோ என்றால் 4 கிலோ. வாரம் அரை கிலோ என்று போனால் எட்டு வாரம். அந்த அளவுக்கே சுகரிலும் பிரஷரிலும் பலன் தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்தது, நோட்டில் மாட்டிய ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வரி. "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று எழுதிவைக்கும் இந்த முறையை விரிவாக ஆராய்ந்தவர் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர். "கட்டுப்பாடா இருப்பேன்" என்பது உதவாது. களைத்துப்போய் வீடு திரும்பும் நேரத்தில் புதிதாக யோசிக்கத் தெம்பு இருக்காது. "செருப்பைக் கழற்றியதும் ஒரு டம்ளர் மோர்", "பந்தியில் மறுசோறு வந்தால் இலைமேல் கை" என்று செய்யப்போவதையே எழுதுங்கள்.

பெரும்பாலோர் கவிழ்வது ஒரு பரோட்டாவால் அல்ல, அதற்குப் பிறகு வரும் "இன்னைக்குப் போச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற நினைப்பால். 1975-இல் ஹெர்மன், மேக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த சோதனையில், உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தபோது, அவர்கள் பிறகு ஐஸ்கிரீமைக் குறைக்கவில்லை, கூடுதலாகவே சாப்பிட்டார்கள். அதனால் இப்போதே முடிவு செய்யுங்கள்: தவறினால் அடுத்த வேளையே பழைய திட்டம். நாளை வரை தள்ளக் கூடாது. ஈடுகட்டப் பட்டினியும் கிடக்கக் கூடாது.

எடை மெஷினும் ஏமாற்றும். டயட் தொடங்கிய முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உடலில் சேமித்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும், அது கரையும்போது நீரும் போகும். மூன்றாவது வாரம் வேகம் குறைவது தோல்வி அல்ல. ஊறுகாய், அப்பளம் கூடினாலும், மாதவிலக்கு நெருங்கினாலும் முள் ஏறும். காலைக்கடன் முடித்து, சாப்பிடும் முன் எடை பார்த்து, வார சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

சமைப்பவர் வேறு ஒருவர் என்றால் "எனக்கு எண்ணெய் கம்மியா" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், வீட்டில் சண்டைதான் மிஞ்சும். மாதம் 3 லிட்டர் வாங்கும் வீட்டில் 2 லிட்டர் வாங்கலாமா என்று கேளுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும் சுகர் மாத்திரை எடுப்பவர்களும் சோற்றின் அளவைக் குறைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தின் அளவு பழையபடியே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.