விளங்குது அண்ணா

எங்கள் நிரலுக்கு உதவிவந்த ஒருவருக்கு நான் நாலு பத்தி எழுதினேன். அவர் "விளங்குது அண்ணா" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் அந்தச் சின்ன நிரலில் வெகுகாலமாக ஒரு பிழை இருந்தது. பாமினியில் 'ௌ' குறியின் பின்பாதிக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே விசைதான். எங்கள் நிரல் முன்னால் கொம்பும் பின்னால் 'ள'வும் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரமாக்கிவிடும். பௌர்ணமி சரியாக வரும். வெளிநாடு 'வௌிநாடு' ஆகிவிடும். இணையத்தில் இந்த 'வௌி'யைப் பார்க்காத தமிழர் குறைவு.

அதைச் சரிசெய்தவர் இவர்தான். இலங்கையில் வவுனியாக்காரர். தாத்தாவின் அச்சகக் கோப்புகளை எங்கள் நிரலால் மீட்டாராம். "நன்றிக்கு ஏதாவது செய்யோணும் எண்டு நினைச்சன் அண்ணா" என்று எழுதி, புல் ரிக்வெஸ்ட், அதாவது நிரலில் சேர்க்கச் சொல்லித் தன் திருத்தத்தை, அனுப்பினார். 'ள'வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது எழுத்து, இல்லாவிட்டால் ஔகாரம். இதோடு வெளி, வெள்ளம், கௌரி, வௌவால் என்று சோதனைச் சொற்களின் பட்டியல். அப்புறம் புதிதாக வருகிறவர்களின் கேள்விகளுக்கு, நான் அலுவலகத்திலிருந்து வீடு திரும்புவதற்குள், அவரே பதில் சொல்ல ஆரம்பித்தார். பங்களித்தவர்கள் பட்டியலில் என்ன பெயர் போடட்டும் என்று கேட்டேன். "பெயர் வேண்டாம் அண்ணா" என்றார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

2024 மார்ச் 29 அன்று, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறமூல நிரலின் விவகாரம் வெடித்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைத் துருவிப்போய் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் அதைப் பிடித்தார். ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உதவிய ஒருவர், பராமரிப்பு அனுமதியும் வாங்கிக்கொண்டு, அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழைய ஒரு பின்வாசல் வைத்திருந்தார். களைத்துப்போயிருந்த பழைய பராமரிப்பாளரை, பொறுப்பை இன்னொருவரிடம் கொடு என்று வேறு சில பெயர்கள் நச்சரித்ததும் தெரியவந்தது.

அடுத்த வாரமே வவுனியாக்காரர், நிரலை நேரடியாக மாற்றும் கமிட் அனுமதி கேட்டு எழுதினார்: "உங்களுக்கு நேரம் கிடைக்கிறது கஷ்டம் எண்டு தெரியும். கமிட் அனுமதி தந்தா நான் பாத்துக்கொள்ளுவன்."

என் நாலு பத்திகளில் பாதுகாப்பு, பொறுப்பு, இன்றைய சூழல் எல்லாம் இருந்தன. உங்கள் முழுப்பெயர் என்ன, எங்கே வேலை என்றும் கேட்டிருந்தேன். தவறில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். அந்த நிரலை முன்பின் தெரியாதவர்கள் தங்கள் கணினியில் ஓட்டுகிறார்கள். முகம் தெரியாதவருக்குச் சாவி கொடுக்க முடியாது.

ஆனால் பாமினி மாற்றியில் பின்வாசல் வைத்து யாருக்கு என்ன லாபம்? அதுகூடப் போகட்டும். எனக்கு இந்தச் சாவி எப்படி வந்தது? பழைய பராமரிப்பாளர் ஒரு நாள் "இனி நீங்களே பாத்துக்கோங்க" என்று ஒரு வரி எழுதினார், அவ்வளவுதான். நான் அதுவரை அனுப்பியிருந்தது இரண்டு திருத்தம். ஊர், பேர், வேலை எதுவும் அவர் கேட்கவில்லை.

ஜியா டானுக்குப் பிறகு காலம் மாறிவிட்டது, அது வேறு இது வேறு என்று சொல்லிப் பார்க்கிறேன். பாதி நாள் அது போதுமானதாக இருக்கிறது. மீதி நாள் அந்த "பெயர் வேண்டாம்" வந்து நிற்கிறது. அடக்கம் என்று எடுத்துக்கொண்டதை ஒரே வாரத்தில் ஒளிவுமறைவு என்று மாற்றிக்கொண்டேன். வவுனியாவில் ஒருவர் தன் பெயரை வெளியில் போடத் தயங்குவதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம் என்பது அந்த நாலு பத்தியை எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை.

கேள்விகள் இப்போது பதிலில்லாமல் குவிகின்றன. போன மாதம் ஒருவர், வௌவால்கூடச் சரியாக வருகிறது, மிக்க நன்றி என்று எனக்கு எழுதியிருந்தார். பரவாயில்லைங்க என்று உடனே பதில் போட்டுவிட்டேன். அது நான் செய்ததில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.